65 விநாடி இருக்கும்போது மறைந்த ஆட்டம்!

கடிகாரத்தில் பாக்கி 65 விநாடிதான். நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டிக்கு 32 பாயிண்டு. ஓக்லந்து ரெய்டர்ஸ் கோஷ்டிக்கு 29 பாயிண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குடும்பம் குடும்பமாக டெலிவிஷன் பெட்டி முன் மக்கள் உட்கார்ந்து இருந்தார்கள். நடுவே ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்தது. ஆட்டத்தைக் காணோம்!

திரையில் ஒரு சிறுமியின் கதை ஓடத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து மலையில் தாத்தாவுடன் வாழும் "ஹைடி" என்ற பெண்ணின் கதை.

அன்று 1968-ம் ஆண்டு நவம்பர் 17-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க ரசிகர்கள் இன்றும் மறக்காத ஆட்டம் அது. அவர்கள் அதைக் "ஹைடி ஆட்டம்" என்றே சொல்கிறார்கள்.

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர் கால்பந்து அல்ல. பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூராக இருக்கும். காலால் உதைப்பது கொஞ்சம்தான். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். அல்லது ஓடுகிறவனுக்கு வீச வேண்டும். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 பாயிண்டு. அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் ஒன்று. ஆட்ட நேரம் 60 நிமிடம். ஆனால் அடிக்கடி கடிகாரத்தை நிறுத்துவார்கள். ஆகவே ஆட்டம் முடிய 3 மணி நேரம் ஆகும்.

அன்று அந்த 3 மணி நேரமும் போதவில்லை!

மறைந்த ஆட்டத்தில் நடந்தது என்ன? ரெய்டர்ஸ் ஆட்டக்காரர் லாமோனிக்கா பந்தை வீசினார். சார்லி ஸ்மித் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார்! ரெய்டர்ஸ் 36. அடுத்து பந்து ஜெட்ஸ் பக்கம் வந்தது. பிடித்தவர் கை நழுவ விட்டார். கீழே கிடந்த பந்தை ரெய்டர்ஸ் ஆள் ஒருவர் அள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். 9 விநாடிக்குள் இரண்டு வெற்றி ஓட்டங்கள்! 43-க்கு 32 என்று ரெய்டர்ஸ் ஜெயித்தது.

ஜெட்ஸ் ஜெயித்துவிட்டது என்று எண்ணி நிம்மதியாக இருந்த நியூயார்க்வாசிகளுக்கு இது தெரியாது.

தவறு யாருடையது? டெலிவிஷன் கம்பெனி என்.பி.சி. "டைமெக்ஸ்" கடிகாரக் கம்பெனி அந்தக் கதைப் படத்துக்காக 2 மணி நேரத்தை விலைக்கு வாங்கி இருந்தது. 7 மணி அடித்ததும் படத்தைப் போட வேண்டும் என்பது உத்தரவு. கடைசி நேரத்தில் மேலதிகாரிகள் மனம் மாறினார்கள். "ஆட்டம் முடியட்டும்" என்று சொல்ல டெலிபோனை எடுத்தார்கள். லைன் கிடைக்கவில்லை! "ஆட்டத்தை நிறுத்தாதே" என்று ஒரு கூட்டம் போன் செய்துகொண்டு இருந்தது. "ஹைடி சரியான நேரத்துக்கு வருமா?" என்று தாய்மார்கள் இன்னொரு பக்கம் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

ஆட்டம் மறைந்ததும் வந்த போன்களுக்குக் கணக்கு இல்லை. கம்பெனியின் டெலிபோன் போர்டில் பியூஸ் போயிற்று. சிலர் போலீசுக்கே போன் செய்தார்கள்!

சமாதானம் செய்யப் போய் இன்னொரு வம்பு வந்தது. ஆட்டத்தின் முடிவைத் திரையின் அடியில் எழுத்தில் ஓட விட்டார்கள். படத்தில் நடக்க முடியாத சிறுமி கிளாரா, எழுந்து நடக்க முயலும் உருக்கமான கட்டம் அது. கண்ணீரோடு பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கும் கோபம் வந்துவிட்டது.

என்.பி.சி. தலைவர் ஜூலியன் குட்மேன் அன்றே மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அதிகாரிகள் பேசுவதற்கு என்றே தனி டெலிபோன் வைத்தார்கள். ஆட்டம் முடியும்வரை காட்டியே ஆக வேண்டும் என்பதும் பின்னால் ஒப்பந்தத்தில் ஏறியது.

டெலிவிஷனும் இந்த விளையாட்டும் சேர்ந்து வளர்ந்தவை. 1958-ம் ஆண்டு டிசம்பர் 28-ந்தேதி நியூயார்க்கில் பால்டிமோர் கோல்ட்ஸ், ஜெயண்ட்ஸ் கோஷ்டியை 23-க்கு 17 என்று தோற்கடித்தது. முடிவு தெரிய அதிக நேரம் ஆட வேண்டி வந்தது. அதை டெலிவிஷனில் பார்த்துத்தான் நாடே இந்த விளையாட்டின் மேல் பைத்தியம் ஆயிற்று. 1961-ல் எல்லா கோஷ்டிகளின் ஆட்டத்தையும் மொத்தமாக விற்க லீகுக்குச் சட்டமே அனுமதி தந்தது. அந்த வியாபாரம் எங்கே போய் நிற்கிறது? 2021-ல் செய்த 11 ஆண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு 10 ஆயிரம் கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள்!

இவ்வளவு பணம் கொடுத்தவர்கள் அதைத் திரும்ப எடுக்க வேண்டாமா? இங்கேதான் ரசிகருக்கு அடி விழுகிறது. 2024-ம் ஆண்டு ஜனவரி 13-ந்தேதி கன்சாஸ் நகரில், உறைபனிக் குளிரில், சீப்ஸ் - டால்பின்ஸ் கோஷ்டிகள் மோதின. தோற்ற கோஷ்டி வீட்டுக்குப் போக வேண்டிய முக்கிய ஆட்டம். இதை "பீகாக்" என்ற இணைய சேவைக்குச் சந்தா கட்டினால்தான் பார்க்கலாம் என்றார்கள். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள்! அந்த வெற்றியைக் கண்டபின் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இரண்டு ஆட்டங்கள் "நெட்பிளிக்ஸ்" வசம் போயின.

மோதும் இரண்டு கோஷ்டிகளின் ஊர்க்காரர்கள் மட்டும் சாதாரண டெலிவிஷனில் காசு இல்லாமல் பார்க்கலாம். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த ரசிகர் சந்தா கட்ட வேண்டியதுதான்.

"பீகாக்" யாருடையது தெரியுமா? ஹைடிக்காக ஆட்டத்தை நிறுத்திய அதே என்.பி.சி.யின் குடும்பத்துச் சொத்து!