அதே நீதிபதி, அதே கோப்பு

உச்ச நீதிமன்றத்தில் தோற்றவர் அடுத்து நாடுவது சீராய்வு மனு. அரசமைப்புச் சட்டத்தின் 137ஆவது பிரிவு இதற்கு வழிவிடுகிறது. ஆனால் மேல்முறையீடுபோல் வழக்கை முதலிலிருந்து வாதாட முடியாது. தீர்ப்பில் வெளிப்படையாகத் தெரியும் பிழை, முன்பு எட்டாத புதிய சான்று என்று ஏதாவது காட்டியாக வேண்டும். 30 நாள் கெடு. பெரும்பாலும் தீர்ப்பெழுதிய நீதிபதிகளே தங்கள் அறையில் மனுவைப் படித்து முடிவெடுப்பார்கள். வழக்கறிஞர் வாய் திறக்க இடமில்லை.

தூக்குத் தண்டனைக்கு மட்டும் விலக்கு. 2014 முதல் அந்த மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

சீராய்விலும் தோற்றால்? 2002இல், ஒரு விவாகரத்து வழக்கையொட்டி, நீதிமன்றமே குறைதீர்ப்பு மனு என்ற இன்னொரு கதவைத் திறந்தது. அதில் வெல்பவர் அபூர்வம். டெல்லி மெட்ரோ நிறுவனம் வென்றது. 2021இல் தீர்ப்பும் சீராய்வும் அதற்கு எதிராகவே முடிந்தன. 2024 ஏப்ரலில் நீதிமன்றம் தன் தவறைத் திருத்தியதும், சுமார் 8,000 கோடி ரூபாய்ச் சுமை இறங்கியது.

இறுதித் தீர்ப்பும் தவறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எல்லா மனுவையும் திறந்த நீதிமன்றத்தில் கேட்பது நடக்கிற காரியமல்ல, உண்மைதான். ஆனால் தள்ளுபடி செய்யும்போது, ‘முகாந்திரம் இல்லை’ என்று ஒற்றை வரியில் முடிக்காமல், காரணத்தை ஒரு பத்தியிலாவது எழுதலாமே.