மலைக்கோட்டைப் படியில் வாங்கும் மூச்சு

நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் திருச்சிக்காரர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிவிடும் இடம் மலைக்கோட்டை. அடிவாரத்து மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கும் தாத்தா பாட்டிகளில் பலர், தாயுமானவர் சந்நிதி வருவதற்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "வயசாச்சு, மூச்சு வாங்குது" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

அதில் பாதி உண்மை. வயது கூடும்போது விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு இறுகுகிறது, முதுகு கூனுகிறது, மூச்சை இழுக்கும் தசைகள் வலுவிழக்கின்றன. கொல்லன் துருத்தியின் தோல் விறைத்துப்போனால் காற்று குறையுமே, அதே கதைதான். மீதிப் பாதி வேறு: பல வருட பீடி, விறகடுப்புப் புகை, இதயக் கோளாறு, ரத்தசோகை. இவற்றை மருத்துவர் பார்க்காமல் வயதின் தலையில் பழியைப் போடுவது தவறு.

இறுகிய நெஞ்சுக்கூட்டைக் கையாலேயே தளர்த்தினால் என்ன? 'மேனுவல் தெரபி' செய்வது அதைத்தான். விலா மூட்டுகளை மெல்ல அழுத்தி அசைப்பது, கழுத்து, தோள் தசைகளை நீவி இழுத்துவிடுவது. வீட்டில் தைலம் தேய்த்து முதுகை நீவிவிடும் பழக்கத்தின் படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் பெரியவர் "நெஞ்சு லேசாச்சு" என்பார். பொய்யில்லை.

ஆனால் நுரையீரல் என்ன சொல்கிறது? ஆஸ்டியோபதி என்ற கைச்சிகிச்சை முறையின் முதல் கல்லூரி 1892-ல் தொடங்கிய ஊர், அமெரிக்காவின் கிர்க்ஸ்வில். அங்கிருந்தே 2008-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள 35 முதியவர்களில் ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சை, மற்றவர்களுக்குச் சும்மா தொட்டுவிடும் பாவனை. இரு பிரிவிலும் பெரும்பாலோர் மூச்சு சுலபமானது என்றார்கள். கருவியோ, உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் நுரையீரலில் வெளியேறாமல் தங்கும் காற்று சற்றே கூடியிருப்பதைக் காட்டியது. அந்த முறைக்குத் தாய்வீடான ஊரே இப்படி ஒரு முடிவை ஒளிக்காமல் வெளியிட்டதைப் பாராட்ட வேண்டும்.

நடையும் உடற்பயிற்சியும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வேறு கதை. 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 3,822 நோயாளிகள் பங்கேற்ற 65 ஆய்வுகளைப் பரிசீலித்து, இந்த நோய்க்கு அது பயன்படுகிறதா என்று வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்க இனி புதிய ஆய்வே வேண்டாம் என்றது. கை தளர்த்தட்டும், தவறில்லை. கால் நடந்தால்தான் கணக்கில் வரவு. எலும்பு தேய்ந்த பாட்டியின் முதுகில் 'டக்' என்று சத்தம் வரச் சொடுக்கெடுப்பதை மட்டும் யாரும் அனுமதிக்கக் கூடாது. விலா முறியலாம்.

திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரியே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டு வாசலுக்கே வருகிறார். முட்டிவலியையும் பக்கவாதத்தையும் பார்க்கும் அதே வருகையில் மூச்சையும் பார்க்கலாமே. ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது உலகெங்கும் புழங்கும் சோதனை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது; அந்தச் சோதனையின்போது அதையும் எழுப்பலாம். உதட்டைக் குவித்து மெல்ல ஊதும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அடுக்ககங்களில் தனியே வாழும் முதியவர்கள் ஸ்ரீரங்கத்தில் நிறைய. அவர்கள் நடக்க, கோயிலைச் சுற்றிச் சமதளமான சித்திரை வீதிகள் உண்டு. மார்கழிப் பனி இறங்கினால் இழுப்பு கூடும். சுகாதாரத் துறை அதற்கு முன்பே அந்த வீதிகளில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.