உள்ளதை உள்ளபடி எழுதுவோம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கையில் ஒரு படிவத்துடன் என் வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய லாப்ரடார் நாய் சீசரும் வந்தது. சீசருக்கு நாலு வயது. கடந்த மழைக்காலத்திலிருந்து பின்னங்காலைச் சற்று இழுத்து இழுத்து நடக்கிறது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை, இந்த ஜாதி நாய்களுக்கு அடிக்கடி வருகிற கோளாறுதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். பின்னால் ஆபரேஷன் தேவைப்படலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் செலவைக் கேட்ட பிறகுதான் தம்பிக்கு இன்ஷூரன்ஸ் நினைவு வந்திருக்கிறது!

படிவத்தில் ஒரு கேள்வி. இந்தப் பிராணிக்கு இதற்கு முன் நோயோ, காயமோ, ஊனமோ ஏதேனும் உண்டா என்பது. "இல்லைன்னு போட்டு அனுப்புங்க, யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்று ஏஜெண்ட் போனில் சொல்லிவிட்டாராம். "நீங்க இந்த விஷயத்துல அனுபவப்பட்டவராச்சே அங்கிள், என்ன போடட்டும்?" என்று கேட்டார் தம்பி.

அனுபவப்பட்டவன் என்று அவர் மரியாதையாகச் சொன்னார். சூடுபட்டவன் என்பதுதான் சரி. அந்தச் சூட்டைப் பற்றித்தான் இன்று நம் சங்க அன்பர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நாய்க்கு இன்ஷூரன்ஸ் என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். இது ஒன்றும் புதிதல்ல. அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் மாடு, ஆடு, கோழி வரிசையில் நாய்க்கும் வெகுகாலமாகப் பாலிசி வைத்திருக்கின்றன. 2020-க்குப் பிறகு தனியார் நிறுவனங்களும் இதில் இறங்கியிருக்கின்றன. பாலிசிக்குப் பாலிசி விதிகள் வேறுபட்டாலும் ஒன்று பொதுவானது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது. நம் ஊர் விவசாயிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால் மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதிக் காதில் வில்லை மாட்டிவிட்டுப் போவார். நோயில் படுத்துவிட்ட மாட்டுக்குப் பாலிசி கேட்டு யாரும் போவதில்லை. எரிகிற வீட்டுக்கு யார் காப்பீடு தருவார்கள்?

மாட்டுத்தாவணிக்குப் போனவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்கிறவன் ஒன்றை மறைத்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது வாங்குகிறவன் சாமர்த்தியம். காப்பீடு அப்படிப்பட்ட வியாபாரம் அல்ல. நம் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. நாம் எழுதிக் கொடுப்பதை நம்பித்தான் விலை போடுகிறார்கள். அதனால்தான் சட்டம் இங்கே சாதாரண நாணயம் போதாது, முழு நாணயம் வேண்டும் என்கிறது. 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு என்ற நீதிபதி, சுமத்திரா தீவில் இருந்த ஒரு கோட்டைக்கு எடுத்த காப்பீட்டைப் பற்றிய வழக்கில் இந்தக் கொள்கையை விளக்கினார். அந்த வழக்கில் ஜெயித்தவர் காப்பீடு எடுத்தவர்தான்! நாணயம் இரு பக்கத்துக்கும் உரியது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

இனி என் கதை. அப்பா காலமான பிறகு 2014-இல் அம்மாவை ஊரிலிருந்து மும்பைக்கு அழைத்து வந்தேன். அம்மாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. பாலிசி எடுக்கும்போது ஏஜெண்ட் சொன்னார்: "சர்க்கரைன்னு எழுதினா பிரீமியம் ஏறும் சார். நாலு வருஷத்துக்கு அது சம்பந்தமா ஒண்ணும் கிடைக்காது. ஊர் டாக்டர் எழுதின சீட்டு இங்கே யாருக்குத் தெரியப் போகுது?" எனக்கும் அது சரியென்றே பட்டது. அவர் நிரப்பினார், அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். எதற்குப் போடுகிறோம் என்று அம்மாவுக்குத் தெரியாது.

2019 பிப்ரவரியில் அம்மாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் கேட்டாள், ஹிந்தியில். நான்தான் மொழிபெயர்த்தேன். எத்தனை வருடமாகச் சர்க்கரை? அம்மா யோசித்து, "பத்துப் பதினோரு வருஷம் இருக்கும்" என்றார். அந்த நேரத்தில் பாலிசி யாருக்கு நினைவு வரும்? நானே என் வாயால் அதை ஹிந்தியில் சொன்னேன். கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் மூன்று லட்சத்து அறுபதாயிரம். நாற்பது நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. உண்மையை மறைத்ததால் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசியும் ரத்து செய்யப்படுகிறது என்று. ஐந்து வருடம் கட்டிய பிரீமியமும் போயிற்று.

இதில் எனக்கு இன்றுவரை உறைக்கிற கணக்கு ஒன்று உண்டு. 2014-இலேயே சர்க்கரை என்று எழுதியிருந்தால் நாலு வருடக் காத்திருப்பு 2018-இலேயே முடிந்திருக்கும். 2019-இல் கிளெய்ம் கேட்கத் தடையே இருந்திருக்காது. நான் சொன்ன பொய் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது வருடத்துக்குச் சில ஆயிரம். கொண்டுபோனது மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பி.எஃப். கடனும் மனைவியின் வளையலும் பில்லைக் கட்டின. ஆனால் கடிதம் வந்த அன்று அம்மா கேட்ட கேள்விதான் பொறுக்கவில்லை. "நான் நர்ஸ்கிட்ட ஏதும் தப்பாச் சொல்லிட்டேனாய்யா?" உண்மையைச் சொன்ன அம்மா குற்றவாளி மாதிரி கேட்க, பொய்யை எழுதவிட்ட நான் பதில் சொல்லாமல் நின்றேன். அதற்குப் பிறகு செலவுக்குப் பயந்து டாக்டரிடம் போவதையே அம்மா தள்ளிப்போட ஆரம்பித்தார். உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்று சொல்லி ஆறு மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார்.

"கம்பெனிக்காரர்கள் மட்டும் யோக்கியமா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். 2009-இல் சத்வந்த் கௌர் சந்து வழக்கு. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருந்ததைச் சொல்லாமல் மெடிக்ளெய்ம் எடுத்தவர் இறந்துபோனார். அவருடைய மனைவிக்குப் பணம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. 2021-இல் மன்மோகன் நந்தா வழக்கு. அமெரிக்கப் பயணத்துக்குப் பாலிசி எடுத்தவர், தமக்குச் சர்க்கரை இருப்பதைப் படிவத்தில் எழுதியிருந்தார். அங்கே போய் மாரடைப்பு வந்தது. கம்பெனி கையை விரித்தது. தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு அதையே காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆக, நாணயமில்லாத கம்பெனியை மடக்க நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் நாம் எழுதிய உண்மைதான். பொய்யை எழுதிவிட்டால் அந்த ஆயுதத்தையும் நாமே அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இன்னும் சிலர் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யாகும் என்றாரே என்பார்கள். அந்தக் "குற்றமற்ற" என்ற நிபந்தனையை வசதியாக மறந்துவிடுகிறோம். நாம் மறைத்து வாங்குகிற பணம் கம்பெனி முதலாளியின் பெட்டியிலிருந்து வருவதல்ல. உண்மையை எழுதி அதிகப் பிரீமியம் கட்டுகிற இன்னொரு குடும்பத்தின் பணமும் அதில் இருக்கிறது.

2024-இல் விதிகள் நமக்குச் சாதகமாக மாறியிருக்கின்றன. மனிதருக்கான மருத்துவக் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது 36 மாதமாகக் குறைந்தது. 60 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. "அப்படியானால் ஐந்து வருடம் மறைத்தால் போதுமே" என்று கணக்குப் போடாதீர்கள். தெரிந்தே மறைத்ததைத்தான் மோசடி என்பார்கள். மேலும், மூன்று வருடத்தில் நேர்வழியாகக் கிடைப்பதற்கு ஐந்து வருடம் பயந்துகொண்டு இருப்பானேன்?

ஊரை விட்டு வந்த நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அம்மா அப்பாவுக்கு என்ன நோய் என்பதே நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது. "நல்லா இருக்கேன்" என்பார்கள் போனில். நாமும் அதையே படிவத்தில் எழுதிவிடுகிறோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களுடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். எது எந்த நோய்க்கு, எத்தனை வருடமாக என்று குறித்துக்கொள்ளுங்கள். படிவத்தை ஏஜெண்ட் நிரப்பினாலும் ஒவ்வொரு வரியையும் பெற்றோருக்குத் தமிழில் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்குங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இருக்கும் விண்ணப்ப நகலைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். எழுபது வயது கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வருமான வரம்பின்றி விரிவாக்கப்பட்டதையும் விசாரித்துப் பாருங்கள். அதில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு.

சீசர் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி அந்தக் கட்டத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு என்றே எழுதி, எக்ஸ்ரே அறிக்கையையும் இணைத்து அனுப்பினார். இடுப்புக்குப் பணம் கிடையாது, மற்ற நோய்க்கும் விபத்துக்கும் உண்டு என்று பாலிசி வந்திருக்கிறது. தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. ஆபரேஷனுக்காகத் தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டும் கணக்கு ஒன்று தொடங்கச் சொன்னேன். தொடங்கிவிட்டார். நாளைக்கே சீசர் தெருவில் அடிபட்டால், எதையோ மறைத்தோமே என்ற பயமில்லாமல் அவர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

என் அம்மாவுக்கு அந்தத் தைரியத்தை நான் கொடுக்கவில்லை. நீங்களாவது உங்கள் பெற்றோருக்குக் கொடுங்கள்.