பார்த்த படங்களும் கேட்ட தமிழும்

இம்மலருக்குத் தமிழ் பற்றி ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தனர். இலக்கணமோ சங்கப் பாடலோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நானோ அண்மையிற் பார்த்த சில திரைப்படங்களைப் பற்றி எழுத விரும்புகின்றேன். தமிழாசிரியனுக்குச் சினிமாவோடு என்ன உறவு என்று முகஞ் சுளிப்பவர் உளராயின், அவர்கள் என்னைப் பொறுத்தருள்க. என் இளமையில், 1990ஆம் ஆண்டிற்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த நாள்களில், ஒழுங்கையிலுள்ளார் யாவரும் காசு சேர்த்து, மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஓரிரவில் நான்கு படம் பார்த்து விடிவித்ததுண்டு. அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே செவியைத் தீட்டிக்கொண்டு கேட்ட வசனங்களே நான் முதன்முதல் நெட்டுருச் செய்த தமிழ் எனின், அஃது உண்மை; வெட்கப்பட ஒன்றுமில்லை.

சென்ற மார்கழி விடுமுறையில் பழைய படங்கள் சிலவற்றை மீண்டும் பார்த்தேன். முதலாவது ‘பராசக்தி’. 1952ஆம் ஆண்டு வெளிவந்தது, மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனுக்கு முதற்படம். அடுத்தது 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. இவ்விரண்டையும் பற்றி நான் புதிதாகச் சொல்லத்தக்கது யாது? ஒன்று சொல்வேன். வாயைத் திறந்து பேசுதல் என்பது ஒரு கலை என்பதை நம் மாணவர்க்கு எந்தப் பாடநூலையும்விட இவ்விரு படங்களே நன்கு கற்பித்தன. ழகரமும் ளகரமும் வேறு வேறாய் ஒலிக்க, மூச்சு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்க, அந்த நடிகர் பேசுவதைக் கேட்டல் இன்றும் இன்பமே. ஆயினும் இம்முறை என் செவிக்கு ஒரு குறை தோன்றிற்று. ‘பராசக்தி’யில் பிச்சைக்காரனும் பேசுகிறான், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனும் பேசுகிறான், எல்லாரும் ஒருவரே எழுதிக் கொடுத்ததைப் பேசுகின்றனர் என்பது மறைந்து போகவில்லை. இளமையில் இதனை நான் கவனித்ததேயில்லை. அடுக்குமொழியின் அழகு கண்ணை மறைத்தது போலும்.

அதே சிவாஜி கணேசன் இரண்டே ஆண்டுகளின் பின் நடித்த ‘அந்த நாள்’ என்னும் படத்தையும் பார்த்தேன். வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர் இயக்கி, 1954இல் வெளிவந்த படம். பாட்டு ஒன்றேனும் இல்லை, ஆட்டம் இல்லை. யுத்த காலத்துச் சென்னையில் ஒரு வானொலிப் பொறியியலாளன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். யார் கொன்றார் என்று துப்பறிய வந்தோரிடம் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்ல, ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு பொருந்தாமல், இறந்தவனே பல மனிதனாகத் தோன்றுகிறான். யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) காட்டிய வழி இது. ஆனால் இதனைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு யப்பான் நினைவுக்கு வரவில்லை. ஒரு நடுத்தரத் தமிழ் வீட்டின் கூடமும் மாடிப்படியுமே வந்தன. பண்டரிபாய் பேசாமல் நிற்கும் இடங்கள் பேசும் இடங்களைவிடச் சிறந்தவை. பொறியியலாளனாக வந்தவரோ, உலகமறிந்த அந்தக் குரலைத் தாழ்த்தி, அறைக்குள் பேசுவதுபோற் பேசுகிறார். தேசபக்தி பற்றி இறுதியில் சிறிது அதிகமாகவே விளக்குகின்றனர், அதனைக் குறைத்திருக்கலாம். எனினும் கூட்டத்துக்குப் பேசும் தமிழும் மனிதனுக்கு மனிதன் பேசும் தமிழும் வேறு என்பதை, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு படம் அறிந்திருந்தது என்பது வியப்பன்றோ?

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தையும் (1962) பார்த்தேன். ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் கதை. கண்ணீர் மிகுதி. ஆயினும் வாக்கியங்கள் சிறியவை, அதற்காகவே பாராட்டலாம்.

இனி இக்காலத்துப் படங்களுக்கு வருவோம். லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) என் மனத்தை விட்டு அகலாதது. மலையேறி ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி என்பவனுக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதே வாழ்வின் ஆசை. அதற்காகச் சேர்த்த மூட்டை மலைச்சரிவில் உருண்டு உடைந்து சிதறும் காட்சியில் யாரும் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை, பேசுதற்கு ஒன்றுமில்லை. கடைசியில், காற்றாலைகள் நிற்கும் வெளியில் அவன் காவற்காரனாக அமர்ந்திருக்கிறான். அம்மக்கள் பேசுவது தேனிப் பக்கத்துத் தமிழ். சில சொற்கள் எனக்கு விளங்கவேயில்லை. விளங்காமையால் நான் எதனையும் இழந்தேனல்லேன். அவர்கள் தம் ஊரிலே நின்று பேசுகின்றனர் என்ற நம்பிக்கையே என்னைப் படத்தோடு கட்டிப்போட்டது.

பின்னர் 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை மனைவி மக்களோடு சென்று பார்த்தேன். பொருளாதார நெருக்கடியால் நம் நாட்டை விட்டு வள்ளமேறி இராமேசுவரத்தில் இறங்கும் ஒரு குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் தாய் தந்தையராக வருகின்றனர். நல்ல மனம் கொண்டு எடுத்த படம், அயலவர் எல்லாரும் இத்துணை விரைவில் நல்லவராகிவிடுவரோ என்ற ஐயம் எனக்குண்டு, அது நிற்க. என்னைத் தொட்டது வேறொன்று. சென்னையில் அவர்களுக்குச் சொல்லப்படும் முதலாவது புத்திமதி, நம் ஊர்த் தமிழைப் பேசாதீர்கள் என்பதே! வாய் திறந்தால் யார் என்று தெரிந்துவிடும். நடிகர்கள் பேசும் நம் தமிழ் சிலவிடத்துப் பொருந்தியும் சிலவிடத்து வழுக்கியும் செல்கிறது. வேற்றூரார் முயன்றதற்கு அவ்வளவு போதும். ஆனால் நாங்கள் படம் பார்த்த இடத்தில், நம்மவரே அமர்ந்திருந்த அக்கூட்டத்தில், அப்பேச்சைக் கேட்ட போதெல்லாம் ஒரு சிரிப்பு எழுந்தது. நகைச்சுவை அல்லாத இடத்திலும் எழுந்தது.

விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கியபோது, அதே படத்தைப் பார்த்திருந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சேர், எங்கடை ஆக்கள் எங்கடை பாசையிலை கதைச்சா, எங்கடை சனமே ஏன் சிரிக்குது?”

நான் ‘தெனாலி’யைச் (2000) சொன்னேன். கமல்ஹாசன் அதில் நம் பேச்சைப் பேசியது நகைப்பூட்டுதற்காக. அதனால் பழகிவிட்டோம் என்றேன். பாதி உண்மைதான். மீதிப் பாதியை அன்று அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு, நண்பர் ஒருவர் முன்னமே தந்திருந்த ‘பொன்மணி’யைப் போட்டுப் பார்த்தேன். 1977ஆம் ஆண்டுப் படம். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர், யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், 2018இல் மறைந்தார். படப்பிரதி தெளிவற்றது, கதையும் மெல்ல நகர்வது, பொழுதுபோக்குக்காகப் பார்ப்போர் பாதியில் எழுந்து போவர். ஆனால் சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டை எவ்வாறு உள்ளிருந்தே அரிக்கின்றன என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன வேறு படத்தை நான் அறியேன். அங்கே மாந்தர் நம்மைப் போலவே கதைக்கின்றனர். தனியே இருந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செங்கை ஆழியானின் நாவலைக் கொண்டு 1978இல் ‘வாடைக்காற்று’ம் வந்தது, அதனையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாது விட்ட மீதிப் பாதியை இங்கே எழுதிவிடுகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், நாடகப் போட்டிக்கென மாணவன் ஒருவன் ஒரு நாடகம் எழுதி வந்தான். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாத வீடு ஒன்றின் கதை. தாய் பேசுவதும் பாட்டி பேசுவதும் அவன் வீட்டிற் கேட்டபடியே எழுதப்பட்டிருந்தன. நான் சிவப்பு மையால் ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். “அவர் வருவர் எண்டுதான் விளக்கை நூக்காமல் வைச்சிருக்கிறன்” என்று தாய் சொல்லும் இடத்தில், நான் எழுதியது என்ன தெரியுமா? “விழிகள் வழி பார்க்க, விளக்கும் விழித்திருக்கிறது!” அவன் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை வாங்கிக்கொண்டு போனான். நாடகம் மேடையேறவில்லை. அவ்வாண்டு என் வகுப்பில் இன்னொருவன் கட்டபொம்மனாய் முழங்கிப் பரிசு பெற்றான், நானும் கைதட்டினேன்.

1960களின் தொடக்கத்தில் ஈழத்துப் பண்டிதர்களும் எழுத்தாளர்களும் பேச்சுவழக்கு இலக்கியமாகுமோ என்று பெரும் வாதம் புரிந்ததைப் பயிற்சிக் கலாசாலையில் நான் படித்திருந்தேன். எழுத்தாளர் பக்கமே நியாயம் என்று பரீட்சை விடைத்தாளிலும் எழுதினேன். விடைத்தாளில் எழுதியதைச் சிவப்பு மை எடுத்த கை நினைத்துக்கொள்ளவில்லை.

இவ்வாண்டு முதல் நாடகப் பயிற்சியில், வீட்டிலே பேசுவதை அப்படியே எழுதி வருக என்று மாணவர்க்குச் சொல்லியிருக்கிறேன். எழுதுகிறார்கள், ஆனால் எழுதியதை வாசிக்கும்போது தாமே சிரித்துவிடுகிறார்கள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, மீண்டும் வாசிக்கச் சொல்கிறேன். மூன்றாம் முறைதான் அடங்குகிறது.

அந்தப் பழைய மாணவர் இன்று கடல் கடந்த நாடொன்றில் உள்ளார் எனக் கேள்வி. இம்மலர் அவர் கைக்கும் எட்டக்கூடும். தம்பி, அந்தக் கொப்பி உம்மிடம் இன்னும் இருக்குமாயின், அதன் பிரதியொன்றைக் கல்லூரி முகவரிக்கு அனுப்பும். சிவப்பு மைக்குக் கீழே நீர் எழுதியது இப்பொழுதும் வாசிக்கத் தெரியும் என்றே நம்புகிறேன். அடுத்த தவணை நாடகத்துக்குப் பையன்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.