பஃபே மேசையும் கட்டுச்சோறும்

ஹைதராபாத்தின் போவன்பள்ளி மொத்தக் காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் புதிதாகப் போகிறவர், அடிதடி நடக்கப்போகிறது என்றே நினைப்பார். கமிஷன் ஏஜென்ட் விலையைக் கூவுகிறார், வியாபாரி பதிலுக்குக் கத்துகிறார், மூட்டை தூக்கி வரும் ஹமாலி வழிவிடச் சொல்லி அதட்டுகிறார். உண்மையில் அங்கே யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. லாரி இரைச்சலுக்கு மேலே குரல் எழும்ப வேண்டும், வெயில் ஏறுமுன் தக்காளி விற்றாக வேண்டும், அவ்வளவுதான். மரியாதையே வசையாகக் கேட்கும் விந்தையும் இந்த ஊரில் உண்டு. தெலுங்கில் 'வாருங்கள்' என்று பணிவாக அழைக்கும் 'ரண்டி', இந்தியோ உருதுவோ மட்டும் தெரிந்தவர் காதில் வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை. தெலுங்கரைத் தமிழர் 'கொல்டி' என்று சீண்டியதும், தமிழரை அவர்கள் 'அரவவாள்ளு' என்று கேலியாக இழுத்ததும் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டேதான். பக்கத்து மொழிக்காரரின் தொனியையே நாம் இப்படித் தப்பாகப் படிக்கிறோம் என்றால், எட்டு மணி நேரம் பறந்து போய் இறங்கும் நாட்டில் நம்மை எப்படிப் படிப்பார்கள்?

2019 ஜூலையில் அதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. சுவிட்சர்லாந்தின் குஷ்டாட் ஊரில் ஒரு ஹோட்டல், இந்திய விருந்தினர்களுக்கு என்றே தலைப்பிட்டு ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தது. காலை உணவு மேசையிலிருந்து எதையும் எடுத்துப்போகாதீர்கள், தாழ்வாரத்திலும் பால்கனியிலும் அமைதி காக்கவும் என்பது அதன் சாரம். தொழிலதிபர் ஹர்ஷ் கோயங்கா அதன் படத்தைப் பகிர்ந்தார். முதலில் கோபம் வந்ததாகவும், யோசித்தால் நாம் சத்தமானவர்கள், முரட்டுத்தனமானவர்கள் என்பது உண்மைதானே என்றும் எழுதினார். அதே மாதம் பாலித் தீவில் ஓர் இந்தியக் குடும்பத்தின் பெட்டிகளைத் திறந்து ஹோட்டல் பொருட்களை வெளியே எடுக்கும் காணொளி பரவியது. அவர்களைத் திட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்களே. இப்படிப்பட்டவர்களின் பாஸ்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும் என்ற குரலும் எழுந்தது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான விஷயங்கள் அல்ல. பாலியில் நடந்தது திருட்டு. அதற்குச் சட்டம் போதும், தேசிய குணம் பற்றிய ஆராய்ச்சி வேண்டாம். ஒருவர் முடி உலர்த்தியை எடுத்துப் பெட்டியில் வைத்ததற்கு 140 கோடிப் பேர் எதற்காகத் தலைகுனிய வேண்டும்? யோசிக்க வேண்டியது சுவிஸ் அறிவிப்பைத்தான்.

காலை உணவு மேசையிலிருந்து வாழைப்பழமும் ரொட்டியும் பைக்குள் போவது ஏன்? கட்டுச்சோறு இல்லாமல் பயணம் கிளம்புவதே பொறுப்பின்மை என்று நினைக்கும் சமூகம் இது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ரயிலேறியவர்களின் பிள்ளைகள்தான் இன்று விமானம் ஏறுகிறார்கள். மரக்கறி மட்டும் உண்பவருக்கு மலையுச்சியில் மதியம் என்ன கிடைக்கும் என்ற பயம் வேறு. அதற்காக விதி தெரியாது என்று தப்பிக்க முடியாது. நம்மூர் மெஸ்ஸில் அளவில்லாச் சாப்பாட்டுக்கு ஒரு டோக்கன் வாங்கி இருவர் பங்கிட்டால் முதலாளி விடுவாரா? பந்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், இலையை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்பது நமக்கும் தெரிந்த நியாயம்தான். வெளிநாட்டு பஃபேயும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவே. இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்திப் படங்களைக் காட்டி இந்தியரை அழைத்தது சுவிஸ் சுற்றுலாத் துறைதான். யங்ஃபிராவ் மலையில் பாலிவுட் பெயரில் உணவகம் நடத்தினார்கள், இன்டர்லாக்கனில் இயக்குநர் யஷ் சோப்ராவுக்குச் சிலை வைத்தார்கள். மொத்த புக்கிங்கில் நாற்பது பேரை வரவழைத்த பிறகு, நாற்பது பேர் எழுப்பும் சத்தத்தைக் கேட்டு வியப்பது கொஞ்சம் நாடகம்.

முரட்டுப் பயணி என்ற பட்டம் கைமாறிக்கொண்டே வந்திருப்பதைக் கவனித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது அமெரிக்கரிடம் இருந்தது. 'அசிங்கமான அமெரிக்கர்' என்று பொருள்படும் பெயரில் 1958இல் வந்த நாவலின் தலைப்பே அதற்கு முத்திரையானது. (நாவலில் அந்த அழகற்ற மனிதர், உள்ளூர் மக்களோடு கலந்து உழைக்கும் நல்ல பொறியாளர். தலைப்பை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு.) ஜப்பான் 1964இல்தான் தன் மக்களைச் சுற்றுலாவுக்கு வெளிநாடு போக அனுமதித்தது. அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, 500 டாலர் வரம்போடு. அடுத்த இருபது ஆண்டுகள், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் கேமராவும் கையுமாக ஓடும் ஜப்பானியக் கூட்டம் ஐரோப்பியக் கேலிச்சித்திரங்களின் தீனி. 2009இல் எக்ஸ்பீடியா நிறுவனம் உலக ஹோட்டல்காரர்களிடம் நடத்திய கணிப்பிலோ சிறந்த பயணிகளாக முதலிடம் பெற்றவர்கள் அதே ஜப்பானியர். கடைசி இடம், நாகரிகத்தின் மறுபெயராகத் தம்மைக் கருதும் பிரெஞ்சுக்காரருக்கு. பிறகு பட்டம் சீனரிடம் போனது. எகிப்தின் லக்சர் கோயிற்சுவரில் 15 வயதுச் சீனச் சிறுவன் தன் பெயரைக் கீறிய செய்தி 2013 மே மாதம் வெளிவந்தது. அந்த அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தில் பயணியின் நடத்தையும் இடம்பெற்றது. 2000இல் இந்தியாவிலிருந்து வெளிநாடு போனவர்கள் சுமார் 44 லட்சம், 2019இல் சுமார் 2.7 கோடி. எல்லோரும் சுற்றுலாப் பயணிகள் அல்ல என்றாலும், பட்டம் இப்போது ஏன் நம் வாசலில் நிற்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். முதல் தலைமுறையாக, குழுவாக, திடீரென்று பெருகிப் போகிறவர்கள் எந்த நாட்டவரானாலும் முரடர்களாகத் தெரிகிறார்கள்.

இதெல்லாம் சமாளிப்பு, நம்மவர்கள் உள்ளூரிலேயே வரிசையில் நிற்பதில்லையே, அது குணம் அல்லாமல் வேறென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போவன்பள்ளி நிறுத்தத்தில் ஆர்டிசி பேருந்துக்கு முண்டியடிப்பவரே, சற்றுத் தள்ளி பேரடைஸ் நிலையத்தில் மெட்ரோ ரயிலுக்கு ஒதுங்கி நின்று, இறங்குபவருக்கு வழிவிட்டு ஏறுகிறார். அடுத்த ரயில் சில நிமிடங்களில் வரும் என்று அவருக்குத் தெரியும், பேருந்து விஷயத்தில் அந்த நம்பிக்கை கிடையாது. குணம் என்றால் படியேறும்போது கழன்றுவிடுமா? இன்று ஒழுங்குக்கு உதாரணமாகக் காட்டப்படும் சிங்கப்பூரே, 1979இல் தன் குடிமக்களுக்குப் பண்பைக் கற்றுத்தர ஒரு தேசிய இயக்கம் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியது. வரிசை, புன்னகை, நன்றி எல்லாம் அங்கேயும் சுவரொட்டி ஒட்டிப் பழக்கியவைதான்.

விருந்து கொடுப்பவனுக்குத் தன் வீட்டு விதியைச் சொல்லும் உரிமை இல்லையா என்பது அடுத்த ஆட்சேபம். தாராளமாக உண்டு. யாரை நோக்கி, எதை வைத்துச் சொல்வது என்பதுதான் கேள்வி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோடைக் கூட்டம் தாங்காமல் போனபோது, பக்கத்து மாநிலக்காரர்கள்தான் பாட்டிலை வீசுகிறார்கள் என்ற புலம்பல் நமக்கும் எளிதாகவே வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தைப் பார்க்கவில்லை, வண்டிகளை எண்ணியது. 2024 மே 7 முதல் இ-பாஸ். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பு. உதகைவாசிக்கு வேண்டியதும் இதுதான். வந்த வண்டியின் பதிவெண் டிஎன்னா, கேஎல்லா என்பதால் மலைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆம்ஸ்டர்டாம் 2023இல் பிரிட்டிஷ் இளைஞர்களை வராதீர்கள் என்று விளம்பரம் செய்தது. அதிலும் நாட்டின் பெயர் இருந்தது என்பது உண்மை. ஆனால் குறிவைத்தது 18 முதல் 35 வயதுக்குள் குடித்துக் கூத்தடிக்க வரும் ஆண்களை. குழந்தையோடு அருங்காட்சியகம் போகும் பிரிட்டிஷ் தம்பதி அதைப் படித்து நெளிந்திருக்க மாட்டார்கள். குஷ்டாட் அறிவிப்பைப் படித்த இந்தியர் எல்லோரும் நெளிந்தார்கள். அறிவிப்பின் முதல் வரியிலிருந்து நாட்டின் பெயரை எடுத்துவிட்டால், மீதி விதிகள் எல்லா அறைக்காரருக்கும் பொருந்தும்.

வெளிநாட்டவரின் கடுப்பைவிட என்னை உறுத்துவது, நம்மவர் நம்மவர்மேல் காட்டும் வெட்கம். முன்பே பயணம் போய்ப் பழகிய வர்க்கம், நேற்று முதல் பாஸ்போர்ட் எடுத்தவரைப் பார்த்து 'மானத்தை வாங்கிவிட்டார்கள்' என்கிறது. இதில் பண்பின் அக்கறை பாதி, தன்னையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் பாதி. இந்த முத்திரையின் விலையைக் கட்டுபவர் பத்து நாளில் திரும்பிவிடும் பயணியும் அல்ல. அங்கேயே வாடகை வீடு தேடும் மாணவரும், வளைகுடாவில் கூலி வேலைக்குப் போனவரும்தான். போவன்பள்ளியைத் தாண்டி வடக்கே போகும் நெடுஞ்சாலை நிஜாமாபாத்துக்குப் போகிறது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் மாவட்டம் அது. அங்கிருந்து வேலைக்குப் போகும் தொழிலாளருக்காக வெளியுறவு அமைச்சகம் பயணத்துக்கு முந்தைய ஒரு நாள் பயிற்சி வைத்திருக்கிறது. போகும் நாட்டின் சட்டம், வழக்கம், செய்யக் கூடாதவை எல்லாம் அதில் உண்டு. லட்சக்கணக்கில் பணம் கட்டி ஐரோப்பா போகிறவருக்கு அரை மணி நேரமும் இல்லை. டூர் கம்பெனிகள் தரும் அட்டவணையில் எந்த ஊரில் எந்த இரவு இந்தியச் சாப்பாடு என்பது தவறாமல் தடித்த எழுத்தில் இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் தாழ்வாரத்தில் பேச்சு வேண்டாம், மதியத்துக்குப் பொட்டலம் வேண்டுமென்றால் காசு கொடுத்துக் கேளுங்கள் என்ற இரண்டு வரிக்கு அதற்குக் கீழேயே இடம் இருக்கிறது.