இல்லமும் நாமும்: விற்கவிருக்கும் வீட்டுக்கு எவ்வளவு செலவிடலாம்?

சென்ற ஆண்டு மாசித் திங்களில், சென்னையில் பணியாற்றும் வாசகர் ஒருவர் தென்காசியிலுள்ள தம் தாய் வீட்டைப் பற்றி நமக்கு ஒரு மடல் எழுதியிருந்தார். தாயார் இறைவனில் துயில்கொண்டு ஓராண்டு கடந்துவிட்டது. தந்தையார் அதற்கும் முன்பே மறைந்தவர். மூத்தவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். தங்கை பாவூர்ச்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடுவது என்பதில் மூவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அப்படியே விற்பதா, புதுப்பித்து விற்பதா என்பதில்தான் வேற்றுமை.

மூத்தவர் ஒரு பட்டியலே அனுப்பியிருந்தார். வீடு முழுவதும் புதிய டைல்ஸ் தரை, அடுக்களைக்கு மாடுலர் கிச்சன், பட்டாசலுக்கு ஃபால்ஸ் சீலிங், முகப்புக்குப் புது இரும்புக் கதவு என ஆறு இலட்ச ரூபாய்க்கு அது நீண்டிருந்தது. இளையவரோ ஒரு காசும் போடவேண்டாம் என்றார். தங்கை என்ன சொன்னார் என்று மடலில் இல்லை. கேட்டவரும் இல்லை என்பதைப் பிறகு அறிந்தோம்.

பங்குனி முதல் வாரத்தில் நாமே சென்று அவ்வீட்டைப் பார்த்தோம். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நெல்லைச் சீமையின் பழைய முறைப்படி நீளவாக்கில் அமைந்த வீடு. முன்பகுதிக்கு மங்களூர் ஓடு; பின்பகுதி பிற்காலத்தில் கட்டிய காங்கிரீட் தளம். (மங்களூரில் அவ்வகை ஓட்டுக்கான முதல் தொழிற்சாலையை 1865-இல் நிறுவியவர்கள் பாசல் மிஷன் தொண்டர்கள். நம் தாத்தாக்கள் தலைக்கு மேல் கவிந்த கூரைக்கு அப்படியும் ஒரு வரலாறு உண்டு.) தரை, காவிச் சாயமிட்ட சிமெண்டுத் தரை, நாற்பது ஆண்டுகள் கால்பட்டுக் கண்ணாடிபோல் மின்னியது. சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய சதுரம்.

மூத்தவரின் பட்டியலில் இருந்த நான்கில் ஒன்றைக்கூட நாம் ஏற்கவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

வீடு வாங்க வருபவர் தாம் கண்ணால் காணும் பழுதுக்கு, அதைச் சீர்செய்ய ஆகும் செலவைக் காட்டிலும் மிகுதியாகவே விலையைக் குறைத்துக் கேட்பார். ஓர் ஓடு உடைந்து வானம் தெரிந்தால், கூரை முழுவதுமே போயிற்று என்று அவர் மனம் கணக்கிடும். ஆனால் விற்பவர் தம் விருப்பப்படி செய்த அலங்காரத்துக்கு அவர் அதே அளவில் கூட்டித் தரமாட்டார். நாம் பதிக்கும் டைல்ஸின் நிறம் அவர் மனைவிக்குப் பிடிக்காமல் போகலாம். அடுக்களையை அவர் இடித்துப் புறவாசல் பக்கம் தள்ளலாம். மேலும், விலைக்கு அப்பாலும் அவர் கையிலிருந்து பணம் போகிறது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை நூற்றுக்கு ஏழும் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டும் ஆகும். நாற்பது இலட்சத்துக்கு ஒரு வீடு என்றால், 3,60,000 ரூபாய் அரசுக்கே செலுத்தவேண்டும். அவ்வாறு கையைக் கடிக்கும் நிலையில் நிற்பவர், நம்முடைய ஃபால்ஸ் சீலிங்குக்கும் சேர்த்துக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

மூத்தவருக்கு இன்னொரு வாதமும் இருந்தது. வீட்டை மேம்படுத்தச் செய்த செலவை மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாமே என்றார். உண்மைதான், வெறும் வெள்ளையடிப்புக்கும் ஒட்டுவேலைக்கும் அது பொருந்தாது, நிலையான மேம்பாட்டுக்குப் பொருந்தும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் அன்றோ? 2024 சூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு வரி நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆறு இலட்சம் செலவிட்டால் மிஞ்சும் வரி 75,000 ரூபாய். எஞ்சிய 5,25,000 ரூபாய் விலையில் திரும்ப வந்தாலன்றி அது நட்டமே. (உள்நாட்டில் வசிப்போர், அந்நாளுக்கு முன் வாங்கிய வீட்டுக்கு, விலைவாசிக் குறியீட்டைக் கணக்கிட்டு நூற்றுக்கு இருபது செலுத்தும் பழைய முறையையும் தேர்ந்துகொள்ளலாம், எது குறைவோ அதை.)

ஆகவே நாம் பரிந்துரைத்தவை சிறிய வேலைகளே. உடைந்த ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் மாற்றுதல். கரையான் அரித்த இரண்டு கைமரங்களை எடுத்துவிட்டு வேறு போடுதல். ஓட்டுக்கூரையும் தளமும் கூடுமிடத்தில் துருப்பிடித்த தகரக் கால்வாயைப் புதுப்பித்தல். அடைத்துக் கிடந்த அங்கணத்துக் குழாயைத் திறத்தல். மரப்பட்டிமேல் ஓடிய பழைய மின்கம்பிகளை அகற்றி, மின்கசிவு தடுப்பானுடன் புதிய கம்பி இழுத்தல். பிறகு பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்குச் சுண்ணாம்பே அடித்தல். இதில் பலரும் தவறு செய்கின்றனர். சுண்ணாம்புப் பூச்சின்மேல் நீர் புகாத பெயிண்டைப் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, ஓரிரு மழைக்காலத்துக்குள் பூச்சு பொரிந்து உதிரும். தரையைத் தொடவே வேண்டாம், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும் என்றோம். எல்லாம் 1,30,000 ரூபாய்க்குள் முடிந்தன.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகும் நாடு இது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை தூறிக்கொண்டே இருக்கும். அப்போது பூசிய பூச்சு உலராது. ஈரத்தில் ஊதிய கதவை ஆடியில் இழைத்தால் மாசியில் அது தளர்ந்து ஆடும். குற்றாலத்திலேயே வீடு வைத்திருப்போர் இதை இரு மடங்காகக் கொள்ளவேண்டும். அங்கே இரும்பாணிகூட நிலைப்பதில்லை. எனவே மராமத்து வேலைகளுக்கு மாசியும் பங்குனியுமே தக்கவை.

கொத்தனார் செய்யாத மராமத்து ஒன்றும் இருந்தது. பட்டா, மறைந்த தந்தையார் பெயரிலேயே நின்றது. வீட்டின் கிரயப் பத்திரமோ தாயார் பெயரில். வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்கவில்லை. ஆறு இலட்சத்துக்குத் திட்டமிட்டவர்கள், சில நூறு ரூபாயும் பொறுமையும் தேவைப்படும் இதை நினைக்கவே இல்லை. பட்டா ஒரு பெயரிலும் பத்திரம் வேறு பெயரிலும் இருக்கும் வீட்டுக்கு எத்தனை டைல்ஸ் பதித்தாலும் வங்கி கடன் தராது. கடனின்றி வாங்குபவர் எத்தனை பேர்? வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையத்தளத்தில் விற்பவரே முதலில் பார்த்துவிடுவது நன்று. தீர்ந்துபோன பழைய அடமானம் இரத்துப் பத்திரமின்றி அங்கே கிடப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

வாரிசு என்றதும் தங்கையின் நினைவு வந்தது. "அவள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள், கல்யாணத்துக்கே நிறையச் செய்தாயிற்று" என்றார் இளையவர், மிக இயல்பாக. உயில் எழுதாமல் மறைந்த கிறிஸ்தவரின் சொத்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியே பிரியும். அதில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். இவ்வீட்டில் தங்கைக்கு மூன்றில் ஒன்று. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூருடன் சேர்ந்திருந்தமையால், அங்குள்ள முதியோர் சிலர் இன்னும் வேறு கணக்குச் சொல்வர். திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் குறைந்ததையே மகளுக்கு வைத்தது. மேரி ராய் என்ற அம்மையார் தொடுத்த வழக்கில், அச்சட்டம் 1951 ஏப்ரல் முதற்கொண்டே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்துவிட்டது. இதை இளையவருக்கு எடுத்துரைத்தோம். மராமத்துச் செலவை மூத்தவர் முன்கூட்டிப் போடுவது, விற்ற தொகையிலிருந்து அதை முதலில் அவருக்குத் திருப்புவது, எஞ்சியதை மூன்றாகப் பகிர்வது என்று ஒரு தாளில் எழுதி, வேலை தொடங்குமுன் மூவரும் கையொப்பமிட்டனர். இரசீதுகளையும் அத்தாளுடன் வைக்கச் சொன்னோம்.

இனித்தான் சிக்கல். இரண்டாங்கட்டின் வடக்குச் சுவரில், முழங்கால் உயரத்துக்குப் பழைய உப்புப் பூத்த தடம் இருந்தது. அண்டை வீட்டுக் குளியலறைக் கழிவுநீர் அச்சுவரின் அடியில் இறங்குகிறது. பங்குனியில் சுவர் எலும்புபோல் உலர்ந்திருந்தது. ஐப்பசி மழையில்தான் ஈரம் ஏறும். கொத்தனார், "அண்ணாச்சி, இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டிவிடுவோம். அடுத்த மழைக்குள்ளே வீடு கைமாறிவிடும்" என்று தொலைபேசியில் மூத்தவரிடம் சொன்னார். மூத்தவருக்கு விடுப்பு சித்திரையில். காலமும் கூடிவந்தது.

கூடாது என்றோம். பழுதை நீக்குவது வேறு, மூடுவது வேறு. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் காண இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் தெரிவித்தாக வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. தெரிவிக்காமல் விடுவதை அது மோசடி என்றே கூறுகிறது. சட்டம் இருக்கட்டும்; வாங்க வருகிறவரும் நம்மைப் போல் சீட்டுப் பிடித்தும் நகை விற்றும் பணம் சேர்த்த குடும்பத்தவர்தானே? டைல்ஸ் ஒட்டவில்லை. ஆனால் வலியச் சொல்லவும் வேண்டாம், கேட்டால் பார்த்துக்கொள்வோம் என்று அண்ணன் தம்பி இருவரும் தமக்குள் பேசிக்கொண்டனர்.

சித்திரையில் ஒரு குடும்பத்தார் வந்தனர். வீடு பிடித்துவிட்டது, முன்பணத்துக்கு நாளும் குறித்தாயிற்று. புறப்படும்போது அவர்களுள் பெரியவர் ஒருவர், மழைக்காலத்தில் வீடு எப்படி இருக்கும் என்று பொதுவாகக் கேட்டார். அண்ணன்மார் வாய்திறக்குமுன் தங்கை சொன்னார்: "ஐப்பசியிலே அம்மா கட்டிலை இந்தச் சுவரைவிட்டுத் தள்ளித்தான் போடுவோம், ஐயா. ஈரம் இறங்கும். கடைசி இரண்டு வருசம் அம்மாவுக்கு இளைப்பு அதிகமாயிருந்தது இதனாலேதான்."

அவர்கள் மறுநாள் வரவில்லை. "வீட்டை விற்க வந்தாயா, கெடுக்க வந்தாயா?" என்று மூத்தவர் கேட்டதாகவும், தங்கை விடை சொல்லாமல் பேருந்து ஏறிவிட்டதாகவும் இளையவர் எழுதினார். மூத்தவர் விடுப்பு முடிந்து திரும்பிச் சென்றார்.

அடுத்து வந்தவர்கள் ஆனி மாதத்தில், சாரலில் நனைந்துகொண்டே வந்த ஓய்வுபெற்ற தம்பதியர். இம்முறை இளையவரே வடக்குச் சுவரைக் காட்டினார். அவர்கள் தம் கொத்தனாரை அழைத்துவந்து, அடிப்பூச்சைச் செதுக்கி உலரவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசவும், அண்டை வீட்டார் இசைவுடன் அக்கழிவுநீரைக் குழாயில் திருப்பவும் என்ன ஆகும் என்று கேட்டு, அத்தொகையை விலையில் குறைத்தனர். அதற்கு மேல் பேரம் பேசவில்லை. ஓடும் மின்கம்பியும் தாள்களும் சீராக இருந்ததே தங்களுக்குப் போதும் என்றனர். காவித் தரையை அப்படியே வைத்துக்கொள்ளப் போவதாக அந்த அம்மாள் சொன்னார்.

ஆவணியில் பத்திரம் பதிவாயிற்று. மூத்தவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினார். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தவேண்டும் என்பதை வெளிநாட்டில் பிள்ளைகளுள்ளோர் குறித்துக்கொள்க. வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு வாங்குபவர் உயர்ந்த விகிதத்தில் வருமான வரி பிடிக்கவேண்டியிருக்கும். அதைக் குறைக்க முன்னதாகவே வரி அலுவலகத்தில் சான்றிதழ் பெறலாம். தொகை முழுவதும் வங்கி வழியே வந்தது. அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 சூன் முதல் சட்டப்படி குற்றத்தொகைக்கு உரியது.

தங்கையின் மூன்றில் ஒரு பங்கு அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டது. திருஇருதய ஆண்டவர் படமும் ஆட்டுரலும் அவர் வீட்டுக்குப் போயின. மூத்தவர் நெடுநாள் அவருடன் பேசவில்லை. டிசம்பரில் விடுப்பு கிடைத்தால் பாவூர்ச்சத்திரத்திலேயே தங்குவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார் என்று இளையவர் கடைசியாக எழுதிய மடலில் கண்டோம்.