யாருக்குப் போட்ட வேலி?

ஏதாவது அரசுத் தேர்வில் கேள்வித்தாள் அவுட் என்று செய்தி வந்தால் போதும். டீக்கடையில் ஒரு பெரியவர் ஆரம்பித்துவிடுவார்: ‘வெள்ளைக்காரன் காலத்துல இப்படியா சார்? சர்வீஸ் கமிஷனை எவ்ளோ சுத்தமா வெச்சிருந்தான்!’

சுத்தம் இருக்கட்டும். அந்த வேலியை அவன் எப்போது போட்டான்? நான் பி.காம். ஆசாமி. தேதி போட்டு வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கணக்கு பிடிபடும்.

1855 வரை சிவில் சர்வீஸுக்கு ஆள் எடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களின் சிபாரிசில். சொந்தக்காரப் பையன், சிநேகிதர் பையன். அப்போது யாரும் ‘ஐயோ, தலையீடு!’ என்று அலறவில்லை.

பிறகு போட்டித் தேர்வு வந்தது. எங்கே? லண்டனில். கப்பலேறிப் போய் எழுதணும். அப்படியும் 1863-ல் சத்தியேந்திரநாத் தாகூர் பாஸ் செய்துவிட்டார். ஆரம்பத்தில் 23 ஆக இருந்த வயது வரம்பு படிப்படியாகத் தேய்ந்து, 1878-ல் 19-க்கு வந்தது. மீசை முளைப்பதற்குள் கடல் தாண்டி, அந்த ஊர்ப் பையன்களோடு அவர்கள் பாஷையில் மோத வேண்டும். திறந்த போட்டிதான், யார் இல்லையென்றது!

இங்கேயும் தேர்வு வையுங்கள் என்று 1885-ல் முதல் காங்கிரஸ் மாநாடே கேட்டது. அடுத்த வருஷம் அட்சிசன் தலைமையில் ஒரு கமிஷன். அதன் பெயரே பப்ளிக் சர்வீஸ் கமிஷன்தான். விசாரித்தார்கள், கூடாது என்றார்கள். 1893-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டே தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. இந்திய மண்ணில் தேர்வு நடந்தது 1922-ல்!

இப்போது வேலிக்கு வருவோம். நிரந்தர கமிஷனுக்கு முதலில் வழி செய்தது 1919 சட்டம். மாகாணங்களில் இந்தியர்களை மந்திரி ஆக்கியதும் அதே சட்டம். நம்மாள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ‘அரசியல் தலையீடு’ என்ற கவலை அவர்களுக்கு வந்தது. 1924-ல் லீ கமிஷன், சீக்கிரம் அமையுங்கள் என்று அவசரப்படுத்தியது. கையோடு வெள்ளை அதிகாரிகளுக்குக் குடும்பத்தோடு ஊர் போய் வர இலவசக் கப்பல் டிக்கெட்டும் சிபாரிசு செய்தது. செலவு யார் தலையில்? நம் கஜானா தலையில்தான்.

1926 அக்டோபர் 1. ராஸ் பார்க்கர் தலைமையில் கமிஷன் பிறந்தது. 1929-ல் மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டது.

நம் மந்திரிகள் சிபாரிசே செய்திருக்க மாட்டார்களா என்றால், பேஷாகச் செய்திருப்பார்கள். கமிஷன் வேண்டியதுதான். ஆனால் அதற்குக் கொடுத்த அதிகாரம் என்ன? யோசனை சொல்வது மட்டும். ஐ.சி.எஸ்., போலீஸ் நியமனங்களின் சாவி கடைசி வரை லண்டன் மந்திரியின் பையில்.

1935 சட்டத்தில் இருந்த அந்த ‘கலந்தாலோசிக்க வேண்டும்’ என்கிற வாசகத்தை, 1950-ல் நாமும் அரசியல் சாசனத்தின் 320-வது பிரிவில் எழுதிக்கொண்டோம். 1957-ல் ஓர் ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை வழக்கில், கமிஷனைக் கலக்காததால் மட்டும் அரசு உத்தரவு செல்லாமல் போய்விடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

பெரியவரே, டீ ஆறுது.